‘உன் இஷ்டம்’: வாணியம்பாடித் தம்பதியின் நிகழ்வு ஆய்வு

வளையல் அடுக்கி முடித்து ஆரத்தி எடுத்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி மனையை விட்டு எழுந்தாள். தட்டு உள்ளே போவதற்குள் பெரியவர்கள் இரண்டு பேர் அவளுடைய அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து, அதே மனையில் உட்கார வைத்தார்கள். “நீயும் ஒக்காரும்மா, அடுத்து உனக்குத்தான்” என்று சொல்லி, சந்தனம் தடவி, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் போட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இதை ஆசையாகத்தான் செய்வார்கள். யாரையும் நோகடிக்க அல்ல. பிள்ளை இல்லாதவளை அந்த மனையில் உட்கார வைத்தால் அவளுக்கும் தங்கும் என்பது நம்பிக்கை. அண்ணிக்கு வயது 33, கல்யாணமாகி ஆறு வருஷம். முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பந்தலில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த கணவர் இதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, புளியோதரைத் தூக்கோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி திருப்பத்தூரிலிருந்து வாணியம்பாடி வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: “நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” அவர் சொன்ன பதில்: “நான் என்ன சொல்றது? உன் இஷ்டம்னுதானே எப்பவும் சொல்றேன்.”

பதினோரு நாள் கழித்து இருவரும் வேலூரில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அது போன வருஷம் மாசி மாதம். குடும்ப நல ஆலோசகராகப் பதினான்கு வருஷமாக இந்தப் பழைய வட ஆற்காட்டுக் குடும்பங்களோடு பேசி வருகிறேன். பிள்ளை பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று கேட்டே ஒரு தம்பதி வருவது முன்பெல்லாம் அபூர்வம். இப்போது அப்படி இல்லை. இருவரின் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

பின்னணி

அவள் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஐரோப்பாவிலிருந்து ஆர்டர் தருகிறவர்களுக்குச் சாம்பிள் அனுப்புவது, அவர்கள் சொல்லும் திருத்தத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சரக்கு கப்பலேறும் வரை பதில் சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. குளிர்காலத்துக்கு ஒரு முறை, கோடைக்கு ஒரு முறை என்று வருஷத்துக்கு இரண்டு சீசன். சாம்பிள் போகும் வாரங்களில் வீட்டுக்கு வர இரவு ஒன்பது ஆகிவிடும். சாம்பிள் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு காலியாகப் போகிறது என்ற பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ஜோலார்பேட்டையில் சரக்கு ரயிலுக்கு உதவி லோகோ பைலட். வயது 36. போன் வந்தால் இரண்டு மணி நேரத்தில், ரயில் ஓட்டுநர்கள் வேலைக்கு வந்ததைப் பதியும் அலுவலகமான லாபியில் சைன் ஆன் செய்ய வேண்டும். அந்தப் போன் மதியம் சாப்பிடும்போதும் வரும், நள்ளிரவிலும் வரும். எட்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிவிட்டு வந்தால் வீட்டில் 16 மணி நேர ஓய்வு உண்டு. அந்த ஓய்வில் பெரும்பகுதி தூக்கத்துக்கே போய்விடும்.

அவருடைய அம்மா திருப்பத்தூரில். சர்க்கரை, மூட்டு வலி. அவளுடைய அம்மா குடியாத்தத்தில், மகன் வீட்டுப் பேரனைப் பார்த்துக்கொள்கிறார். ஆக, பிள்ளை பிறந்தால் பாட்டி வந்து மூன்று வருஷம் வளர்த்துக் கொடுப்பார் என்ற வழக்கமான கணக்கு இவர்களுக்கு இல்லை.

கல்யாணமான முதல் இரண்டு வருஷம் வேண்டாம் என்று சேர்ந்தே முடிவெடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த நான்கு வருஷம்தான் விஷயம். ஒவ்வொரு தீபாவளிக்கும் பேச்சு எழும். அவள் “என்ன பண்ணலாம்?” என்பாள். அவர் “உன் இஷ்டம்” என்பார். அவள் “அப்போ இந்த சீசன் முடியட்டும்” என்பாள். அவ்வளவுதான்.

நான் செய்த தவறு

முதல் அமர்வில் நான் தவறான இடத்திலிருந்து தொடங்கினேன். அவளிடம் வேலை பற்றிக் கேட்டேன், பதவி உயர்வு பற்றிக் கேட்டேன், பயம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஐம்பது நிமிஷம் போயிற்று. அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: “நீங்க என்ன நினைக்கிறீங்க?” அவர் “அவங்க என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம் மேடம்” என்றார். நல்ல மனிதர், மனைவியை நெருக்காதவர் என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். பிள்ளை வேண்டுமா என்பது பெண்ணின் கேள்வி, ஆண் சம்மதம் சொன்னால் போதும் என்று நானும்தான் நினைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அவள் தனியாக வந்தாள். அன்றுதான் இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன.

ஒன்று: மூன்று வருஷத்துக்கு முன்பு சென்னையில் ஆறு வாரப் பயிற்சி ஒன்றுக்கு அவளைக் கம்பெனியிலிருந்து அனுப்ப இருந்தார்கள். ஷூவுக்கு பேட்டர்ன் எடுக்கும் பயிற்சி. ‘ஒருவேளை இந்த வருஷம் தங்கிவிட்டால்?’ என்று நினைத்துப் போகவில்லை. அந்த வருஷம் தங்கவும் இல்லை; தங்குவதற்கான முயற்சியே நடக்கவில்லை. அதே மாதிரி, இன்னொரு பெரிய வாடிக்கையாளரை ஏற்றுக்கொள்ளச் சொன்னபோதும் ‘இப்போ வேண்டாம்’ என்று ஒதுங்கியிருக்கிறாள். பிள்ளைக்காக வேலையில் விட்டுக்கொடுத்தாள், வேலைக்காகப் பிள்ளையைத் தள்ளிப்போட்டாள். நான்கு வருஷத்தில் இரண்டு பக்கமும் நஷ்டம். முடிவு எடுக்காமல் இருப்பதற்கு விலை இல்லை என்று நினைக்கிறோம். இவள் இரட்டை விலை கொடுத்திருந்தாள்.

இரண்டாவது: யாருக்கும் சொல்லாமல் லேபில், முட்டை இருப்பைப் பார்க்கும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை செய்திருந்தாள். அளவு குறைவு என்று தாளில் பார்த்ததும் அரண்டுபோனாள். எட்டு மாதமாக அந்தத் தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் போய்வந்திருக்கிறாள். கணவருக்குத் தெரியாது.

முதல் வேலையாக அவளை ஒரு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் சொன்னதை அவள் வந்து சொன்னபோது குரலே மாறியிருந்தது. சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்பதை அந்தப் பரிசோதனை ஓரளவு காட்டும். செயற்கைக் கருத்தரிப்புக்கு மருந்தளவு தீர்மானிக்க உதவும். இயல்பாகக் கரு தங்குமா தங்காதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வயது முக்கியம்தான்: 32-க்குப் பிறகு கருவுறும் திறன் மெல்ல இறங்கும், 37-க்கு மேல் வேகமாக இறங்கும். 35 வயதுக்குள் இருப்பவர்கள் ஓராண்டு முயன்றும் தங்கவில்லை என்றால் பரிசோதனைக்கு வரலாம்; 35 தாண்டியவர்கள் ஆறு மாதத்தில் வர வேண்டும். அப்படி வரும் தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கும், அதனால் இருவரும் சேர்ந்தே வர வேண்டும். மருத்துவர் இதைச் சொல்ல எடுத்துக்கொண்டது கால் மணி நேரம். இது தெரியாமல் எட்டு மாதம் தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

தாளின் பின்பக்கம்

மூன்றாவது அமர்வில் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். தனித்தனி அறை. யாரும் கேட்காவிட்டால், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றால், உங்களுக்கு என்ன வேண்டும்? அதற்காக உங்களிடமிருந்து எதைக் கொடுப்பீர்கள்? இந்த இரண்டுக்கும் எழுதுங்கள், ‘உன் இஷ்டம்’, ‘பார்க்கலாம்’, ‘கடவுள் விட்ட வழி’ ஆகிய மூன்றும் தாளில் வரக்கூடாது என்றேன்.

அவள் முழுப் பக்கம் எழுதினாள். அவர் இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதினார். அதை இங்கே தருவதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார்:

“எனக்குக் குழந்தை வேணும். ரொம்ப நாளா வேணும். சொன்னா அவ வேலையை விடச் சொல்ற மாதிரி ஆயிடும்னு சொல்லல. எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு.”

அவருடைய அம்மா பால்வாடியில் வேலை பார்த்தவர். தங்கை பிறந்ததும், வேலை போதும் என்று அப்பா ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். “நீங்க பொறக்காம இருந்திருந்தா நான் இந்நேரம் ரிட்டையர் ஆகி பென்ஷன் வாங்கிகினு இருப்பேன்” என்று அம்மா கோபத்தில் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பையன் இவர். தன் மனைவிக்கு அப்படி நேரக்கூடாது என்று வைராக்கியமாக இருந்திருக்கிறார். அந்த வைராக்கியத்தின் பெயர்தான் ‘உன் இஷ்டம்’.

தாளைப் படித்ததும் அவள் சந்தோஷப்படுவாள் என்று அவர் நினைத்திருப்பார். அவளுக்குக் கோபம் வந்தது. அவளை நான் அவ்வளவு கோபத்தில் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“நாலு வருஷம். உங்களுக்கு இதுல ஆசையே இல்லன்னு நெனச்சேன். பொறந்தா நான் மட்டும்தான் பாக்கணும், நான் மட்டும்தான் ராத்திரி முழிக்கணும்னு கணக்குப் போட்டேன். உங்க பேர்ல சைபர் போட்டு வச்சிருந்தேன். அந்தக் கணக்குலதான் வேணாம் வேணாம்னு சொல்லிகினு இருந்தேன்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘உன் இஷ்டம்’ என்பது பெண்ணுக்குக் கொடுக்கும் சுதந்திரம் என்று படித்த ஆண்கள் பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இந்த மண்ணில் பெரியார் சுமார் நூறு வருஷத்துக்கு முன்பே கர்ப்பத்தடை பற்றிப் பேசினார். தாயின் உடல்நலம், நாட்டின் பொருளாதாரம் என்று மற்றவர்கள் காரணம் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார். பெற்றுக்கொள்வதும் மறுப்பதும் பெண்ணின் உரிமை. கடைசி வார்த்தை அவளுடையது. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் கடைசி வார்த்தை அவளுடையது என்பதற்காக, அதற்கு முந்தைய எல்லா வார்த்தைகளையும் அவளே பேச வேண்டுமா? தனக்கு என்ன வேண்டும், தான் எதைத் தருவேன் என்று ஆண் சொன்னால்தான் அவள் கையில் முழுக் கணக்கு இருக்கும். சொல்லாமல் ‘உன் இஷ்டம்’ என்று மட்டும் சொன்னால், நாளைக்கு எது நடந்தாலும் அது அவள் எடுத்த முடிவு. கஷ்டம் வந்தால் அவள் கேட்டு வாங்கிய கஷ்டம்.

தூளி கட்டிய அறை

மீண்டும் பேச ஆரம்பிக்க அவர்களுக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும், அதற்குப் பிறகு ஒரு வாரமும் தினசரி காலண்டர் தாளின் பின்னால் இருவரும் நேரம் குறித்தார்கள். 28 ராத்திரியில் அவர் வீட்டில் தூங்கியது 12. இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது ஒன்பது வேளை. பிள்ளை விஷயத்தை விடுங்கள், இந்த எண்களைப் பார்த்ததும் இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா? இருக்கிறது என்றாள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017-இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்தார்கள். உள்ளே போயிருக்கிறீர்களா? இல்லை. ஒன்பது வருஷமாக அந்தக் கட்டிடத்தைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போகிறாள். லைனில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள்தான் அங்கே இருப்பார்கள். ஸ்டாஃப் யாரும் தங்கள் பிள்ளையை விடுவதில்லை. அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை.

ஒரு நாள் மதியம் போனாள். பழைய சேலைகளில் ஐந்து தூளி, பாய், சுவரில் காகிதக் கிளிகள், இரண்டு ஆயா. கிளோசிங் பிரிவில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு அக்கா மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்: “நீங்க எப்படிக்கா முடிவு பண்ணீங்க?”

“முடிவா? அது பாட்டுக்கு வந்துச்சு மேடம். ஆனா மூணாவது வேணாம்னு நான்தான் முடிவு பண்ணேன். ஆபரேஷன் பண்ணிக்கினேன். நீயே பாத்துக்கோன்னுதான் அவரு எப்பவும் சொல்வாரு. அதான் நானே பாத்துக்கினேன்.”

இதை என்னிடம் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அவருக்கும்தான்.

கணக்கு

ஆனி மாதத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று நாள் குறித்திருந்தோம். நாள் குறிக்காத பேச்சு அடுத்த தீபாவளிக்குத்தான் போகும்.

அவள் பயந்தது விடுப்புக்கு அல்ல. முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தலைமைப் பொறுப்பு கைக்கு வருவதற்கு முன்பே வயிறு தெரிந்தால் அது வேறு ஆளுக்குப் போய்விடும் என்பதே அவள் பயம். அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. அதனால் வரிசையை மாற்றினார்கள்: முதலில் பொறுப்புக்கு விண்ணப்பம், விட்டுப்போன சென்னைப் பயிற்சியை ஆடி, ஆவணியில் முடிப்பது, புரட்டாசியிலிருந்து முயற்சி.

அவர் பங்கு இப்போது சைபர் இல்லை. வண்டியிலிருந்து இறங்கி லாபியிலேயே, எந்த வண்டிக்கு யார் போவது என்று ஒதுக்கும் க்ரூ கன்ட்ரோலர் வேலைக்கு விண்ணப்பிப்பதாகச் சொன்னார். ஷிப்ட் உண்டு, ஆனால் எந்த ஷிப்ட் என்று முன்கூட்டியே தெரியும். கிலோமீட்டருக்குக் கிடைக்கும் படி போய்விடும். வாணியம்பாடியில் பார்த்துவைத்திருந்த மனையை இப்போதைக்கு வாங்க முடியாது. லோகோ பைலட் என்ற பெயரின் மீது அவருக்கு இருந்த பெருமையும் சின்ன விஷயம் இல்லை. “அதுதான் கஷ்டமா இருக்கு” என்று மனம் விட்டுச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது நல்லது. ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன்.

மத்திய அரசு ஊழியர் என்பதால் தந்தைக்கான விடுப்பு அவருக்கு 15 நாள். குழந்தை பராமரிப்புக்கென்று ரயில்வேயில் பெண் ஊழியருக்குக் கிடைக்கும் 730 நாள் விடுப்பு, மனைவி இருக்கும் ஆணுக்குக் கிடையாது. அந்த 15 நாளையும் எல்லோரும் பிரசவத்தன்றே தொடங்கி, வருகிறவர்களுக்குக் காபி கொடுத்தே தீர்த்துவிடுகிறார்கள். பிறந்து ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவள் 26 வாரத்தில் நான்கை முன்னால் எடுத்தால், பிறந்த பின் 22 வாரம், அதாவது ஐந்து மாதம். அவள் வேலைக்குத் திரும்பும் அந்த வாரத்தில் அவருடைய விடுப்பு தொடங்கும். ஆறு மாத வரம்புக்குள் அடங்கும். இந்தக் கணக்கைப் போட்டது அவர். காலண்டர் தாளில் விரல் வைத்து எண்ணி எண்ணிக் காட்டினார்.

முயன்றும் தங்காவிட்டால்? அடிப்படைப் பரிசோதனைகள், அதற்குரிய மருந்து வரை போவது. அதற்கு மேல் ஊசி, ஐ.வி.எஃப். வேண்டாம் என்று அவள் சொன்னாள், அவர் ஒத்துக்கொண்டார். அவளுக்கு 36 ஆகும்போது மறுபடி உட்கார்ந்து பேசுவது. தத்தெடுப்பு பற்றியும் அப்போதே. 2022 விதிமுறைப்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் வயதுக் கூட்டுத்தொகை 85-க்குள் இருக்க வேண்டும். இவர்களுக்கு இப்போது 69. அவசரம் இல்லை.

இதே கேள்விகளோடு இராணிப்பேட்டையிலிருந்து வந்த இன்னொரு தம்பதி, ஆளுக்கொரு தாளில் ‘வேண்டாம்’ என்று எழுதினார்கள். கணவரே போய்த் தன் பெற்றோரிடம் சொன்னார். அந்த வீட்டிலும் இப்போது நிம்மதி இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால், பிள்ளை என்று முடிவதுதான் நல்ல முடிவு என்று நான் நினைப்பதாகிவிடும். அப்படி நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் என்று 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எத்தனை என்பதைக் குறைத்துவிட்டோம். அதைப் பற்றி வீட்டுக்குள் பேசுவதுதான் இன்னும் பழகவில்லை.

தொடர் சந்திப்பு

இந்த வருஷம் தை மாதம் இருவரும் வந்தார்கள். பயிற்சி முடிந்துவிட்டது. சாம்பிள் பிரிவுப் பொறுப்பு ஐப்பசியில் கிடைத்தது. அவர் லாபிக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து வாசலுக்குப் போகிறாராம். கரு இன்னும் தங்கவில்லை. நான்கு மாதம்தானே ஆகிறது, காத்திருக்கிறோம் என்றாள். ஏ.எம்.எச். தாளை இப்போது அவர் தன் பீரோவில் மற்ற காகிதங்களோடு வைத்திருக்கிறார்.

கிளம்பும்போது அவள் ஒரு விஷயம் சொன்னாள். போன வாரம் குலதெய்வக் கோயிலில் நாத்தனார் குழந்தைக்குக் காது குத்து. வளைகாப்பில் மனையில் உட்கார வைத்த அதே பெரியம்மா, பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “இன்னாம்மா, அந்த வளையல் போட்டும் ஒண்ணும் ஆவலியா?”

இவள் வாயைத் திறப்பதற்குள், பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த கணவர் வாளியைக் கீழே வைத்தார். “அது எங்க ரெண்டு பேரு விஷயம் பெரியம்மா. நாங்க பேசிட்டோம். எதுனா கேக்கணும்னா என்னைக் கேளுங்க.” சொல்லிவிட்டு, பெரியம்மாவின் இலையில் இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றினார்.